திரைக்குள் ஓசூர் வானம்

ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவே உள்ளதால், மாநில எல்லையின் இரு பக்கமும் உள்ள ஆலைகளையும் அவற்றுக்கு நாள்தோறும் சென்று வரும் தொழிலாளர்களையும் ஒரே தொழிற்பரப்பாகக் கருதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த எல்லைக்கு மேலுள்ள வானமும் அதே தொழிற்பரப்பின் ஒரு பகுதி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் பெங்களூருவில் தொடங்கப்பட்டு இன்று எச்.ஏ.எல். என அறியப்படும் நிறுவனம், 1951-இல் வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.டி-2 என்ற பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டது முதல், இந்த மேட்டுநிலத்தின் வானில் புதிய விமானங்கள் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஓசூரை அடுத்த தளி சாலையில், பெலகொண்டப்பள்ளியில், தனக்கென ஓடுபாதையுடன் அமைந்த தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990-களில் இத்தாலியின் பார்த்தெனாவியா நிறுவனத்துடன் இணைந்து பி-68சி என்ற ஆறு இருக்கை விமானத்தைக் கட்டியது. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு இருக்கை விமானத்தின் உற்பத்தியிலும் அதற்குப் பங்குண்டு.

இந்த வானம் தந்த பாடங்களில் சில கடுமையானவை. 2011 ஏப்ரல் 28-ஆம் நாள், எச்.ஏ.எல். வடிவமைத்த எச்.ஜே.டி-36 சிதாரா என்ற இடைநிலைப் பயிற்சி ஜெட் விமானத்தின் சோதனை விமானம் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் வெளியேற்று இருக்கையின் உதவியால் உயிர் தப்பினர். சிதாராவின் கதை இக்கட்டுரையில் பின்னர் விரிவாக வருகிறது. வீட்டுக் கணினியின் முன் அமர்ந்து வான்சாகசப் பறத்தலைக் கற்க விரும்புவோர் ஓசூரிலும் மற்ற நகரங்களிலும் பெருகிவரும் இக்காலத்தில், அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு: சிமுலேட்டர், அதாவது விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் பயிற்சிக் கருவி, தானாக எதையும் அறிந்ததன்று, உண்மையான விமானம் வானில் பறந்து அளந்து தந்ததையே அது திரும்பக் காட்டுகிறது, அளக்கப்படாத இடத்தில் அது ஊகிக்கிறது.

2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னை மெரினாவில் விமானப்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த காட்சியைக் கண்டவர்களுக்கு வான்சாகசம் என்பது புகைக்கோடுகளும் சேர்ந்து பறக்கும் ஒன்பது சூர்யகிரண் விமானங்களும்தான். ஆனால் அந்தக் காட்சிக்கு அடிப்படையாக உள்ள அசைவுகள் மிகச் சிலவே. விமானம் தன் நீளவாக்கு அச்சில் ஒரு முழுச் சுற்று உருளுவது ரோல். மூக்கைத் தூக்கி மேலேறித் தலைகீழாகி மறுபடியும் கீழிறங்கிச் செங்குத்து வட்டம் போடுவது லூப். செங்குத்தாக ஏறி, வேகம் அற்றுப்போகும் தருவாயில் சுக்கானை மிதித்துப் பக்கவாட்டில் திரும்பி வந்த வழியே இறங்குவது ஸ்டால் டர்ன். இறக்கைகள் தூக்குவிசையை இழந்த நிலையில் விமானம் சுழன்றபடி கீழே விழுவது ஸ்பின். மற்றவை யாவும் இவற்றின் பகுதிகளையும் சேர்க்கைகளையும் கொண்டவை. 1913 செப்டம்பர் 9-ஆம் நாள் கீவ் நகரின் மேல் முதல் லூப்பைப் போட்ட ரஷ்ய அதிகாரி பியோத்தர் நெஸ்தெரோவ், அரசுச் சொத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் காவலில் வைக்கப்பட்டார் என்பதும், அவர் அதைச் செய்தது கூட்டத்தை மகிழ்விக்க அன்று, எந்த நிலையிலிருந்தும் விமானத்தை மீட்கலாம் என்று காட்டவே என்பதும் கவனிக்கத்தக்கவை. போர் விமானிகளுக்கு மட்டுமன்றிப் பயணிகள் விமானிகளுக்கும் இந்தக் கலை வேண்டியதாகிறது என்பதற்கு இதுவே காரணம்.

இவ்வசைவுகள் அனைத்தையும் புரிந்துகொள்ள இரண்டு கருத்துகள் போதும். ஒன்று, பளு. நேராகப் பறக்கும் விமானத்தின் இறக்கைகள் அதன் எடைக்குச் சமமான விசையைத் தருகின்றன. இதை ஒரு ஜி என்பர். விமானம் வளைந்து செல்லும்போது இறக்கைகள் அதைவிடக் கூடுதலான விசையைத் தர வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் பளு 2 ஜி ஆகிறது, அதாவது 70 கிலோ எடையுள்ள விமானி தன் இருக்கையை 140 கிலோ விசையுடன் அழுத்துகிறார். மற்றொன்று, ஸ்டால். இறக்கை தன்னை எதிர்கொள்ளும் காற்றோடு அமைக்கும் கோணம் ஒரு வரம்பைக் கடந்தால், மேற்பரப்பில் ஒட்டி ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்து குழம்பி, தூக்குவிசை சரிகிறது. இந்த நிலை வேகம் குறைந்தால்தான் வரும் என்று பலர் எண்ணுவது பிழை. பளு கூடக் கூட ஸ்டால் வேகமும் கூடுகிறது. அது பளுவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், நேர்ப்பறப்பில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் 4 ஜி பளுவில் 100 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். சிமுலேட்டரில் முதன்முதலாக லூப் போட முயல்பவர் ஜாய்ஸ்டிக்கை முழுவதும் இழுத்தவுடன் விமானம் அதிர்ந்து ஒரு பக்கம் கவிழ்வதைக் கண்டு மென்பொருளைக் குறை கூறுவதுண்டு; உண்மையில் அந்த இடத்தில் மென்பொருள் சரியாகவே நடந்துகொள்கிறது.

லூப்பின் கணக்கு சற்று விரிவாகவே பார்க்கத் தக்கது, ஏனெனில் கண்ணுக்கு எளிதாகத் தோன்றும் அந்த வட்டத்தில்தான் கற்பவரின் பெரும்பாலான பிழைகள் நிகழ்கின்றன. மேலேறும் விமானம் உயரத்தைப் பெற்று வேகத்தை இழக்கிறது. எஞ்சினின் உதவியும் காற்றின் தடையும் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒரே ஆரமுள்ள முழு வட்டத்தைப் போட வேண்டுமானால், அடியில் வட்டத்தைத் தொடங்கும்போது பளு 6 ஜி ஆக இருந்தால்தான் உச்சியில் விமானம் வட்டத்தை விட்டு விழாமல் தாண்டும் என்று பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். வான்சாகச வகைச் சிறு விமானங்களுக்கு மரபான தகுதி விதிகள் வகுத்திருக்கும் மேல்வரம்பும் 6 ஜி என்பது தற்செயலான பொருத்தமாக இருக்கலாம். நடைமுறையில் பயிற்சி பெறுவோர் அடியில் 3.5 முதல் 4 ஜி வரை இழுத்து, எஞ்சினை முழு ஆற்றலில் வைத்து, உச்சியை நெருங்குகையில் இழுப்பைத் தளர்த்துகின்றனர். அப்படித் தளர்த்தாமல் அதே இழுப்பைத் தொடர்ந்தால், வேகம் குறைந்த இடத்தில் ஆரமும் குறைந்து, வட்டத்தின் மேல்பகுதி குறுகிப்போகும். உச்சியில் கையைத் தளர்த்த வேண்டும் என்பது தலைகீழாகத் தொங்கும் அச்சத்துக்கு நேர் எதிரான செயல் என்பதால், அதைக் கையில் ஏற்றுவதற்குத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதைவிட வேறு வழியில்லை. அவ்வகைத் திரும்பச் செய்தலுக்குச் சிமுலேட்டரைவிட நல்ல இடமும் இல்லை: எரிபொருள் செலவாகாது, மீண்டும் உயரம் ஏறக் காத்திருக்க வேண்டாம், செய்ததை அப்படியே நிறுத்தி வெளியிலிருந்து பார்த்து வட்டம் எங்கே நசுங்கியது என்று கண்டுகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஓசூர் ஒரு சிறப்பான பயிற்சிக்களமாக அமைகிறது. நகரமும் பெலகொண்டப்பள்ளி ஓடுபாதையும் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளன. விமானத்தின் உயரமானி வழக்கமாகக் கடல் மட்டத்திலிருந்தே உயரத்தைக் காட்டுவதால், ஓசூரின் மேல் அது 5,000 அடி என்று காட்டும்போது தரைக்கும் விமானத்துக்கும் இடையே 2,000 அடியே எஞ்சியிருக்கிறது; தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மேலகிரி மலைத்தொடரின் முகடுகள் 4,000 அடியைத் தாண்டுவதால் அங்கே இடைவெளி இன்னும் குறுகுகிறது. கிழக்கே கிருஷ்ணகிரியை நோக்கிச் சென்றால் நிலம் ஆயிரம் அடிக்கு மேல் சட்டெனத் தாழ்ந்துவிடும். சென்னைக் கடற்கரையின் மேல் 3,000 அடியில் லூப்பைத் தொடங்கிப் பழகியவர், அதே எண்ணை நினைவில் வைத்து ஓசூரின் மேல் தொடங்கினால் அவர் தொடங்குமிடமே ஓடுபாதையாக இருக்கும். காற்றின் அடர்த்தியும் இதில் சேர்ந்துகொள்கிறது. தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் என்று இரண்டு ஊர்களிலும் ஒரே அளவை வைத்துக்கொண்டாலும், ஓசூரில் அது கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி ஆகிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், வேகமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் விமானத்தின் உண்மையான வேகம் கூடுதலாக இருந்து, அதே இழுப்பில் போடப்படும் லூப்பின் ஆரம் சென்னையில் போட்டதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெரிதாகிறது. பிஸ்டன் எஞ்சினின் ஆற்றலும் மெலிந்த காற்றில் குறைகிறது என்பதால், உச்சிக்குப் போதிய வேகத்துடன் சென்று சேர்வது கடினமாகிறது. இவற்றை எல்லாம் ஒரே நாளில், இரண்டு ஊர்களையும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் தர இயலாது. வீட்டுக் கணினி தருகிறது.

கணினி இதை எவ்வாறு அறிகிறது என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், குறிப்பிட்ட விமானத்தைக் காற்றுச் சுரங்கத்திலும் வானிலும் சோதித்து, ஒவ்வொரு கோணத்துக்கும் வேகத்துக்கும் எவ்வளவு விசை தோன்றுகிறது என்று தொகுத்த அட்டவணைகளை மென்பொருள் வைத்துக்கொண்டு, அந்தந்தக் கணத்துக்குரிய எண்ணை எடுத்துப் பயன்படுத்துகிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் பிளைட்கியர் மென்பொருளில் உள்ள பல விமானங்கள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. இரண்டாம் வழியில், இறக்கையையும் வாலையும் சிறு சிறு கீற்றுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கீற்றின் மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டுக் கூட்டுகின்றனர். ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன் இவ்வழியால் பெயர் பெற்றது. மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு வான்சாகசத்துக்கென்றே உருவான எக்ஸ்ட்ரா 330, பிட்ஸ் ஆகிய விமானங்களைத் தன்னுடன் கொண்டு வந்ததால், இக்கலையைக் கற்க விரும்புவோர் பலர் அங்கே தொடங்குகின்றனர். காற்று இறக்கையோடு ஒட்டி ஓடும் வரை இரண்டு வழிகளும் வியக்கத்தக்க அளவு நம்பகமானவை. காற்று பிரிந்த பின் நிலைமை வேறு.

பயிற்சியின் வரிசையைப் பற்றி அனுபவமுள்ள ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. காற்றே இல்லாத வானிலையைத் தேர்ந்து, 60 பாகை சாய்ந்த திருப்பங்களை உயரம் மாறாமல் போடப் பழகுவதும், ஸ்டால் நிலைக்குச் சென்று மீள்வதும் முதலில் வர வேண்டும். பொறுமையின்றி இதைத் தாண்டிச் செல்பவர்களே பின்னர் லூப்பில் தடுமாறுகின்றனர். அடுத்து ரோல். மூக்கை 20 முதல் 30 பாகை வரை உயர்த்தி, அந்த இழுப்பை விட்டுவிட்டு, பிறகே ஏலரான்களை, அதாவது இறக்கை நுனிகளில் உள்ள அசையும் பரப்புகளை, முழுவதும் ஒரு பக்கம் திருப்ப வேண்டும். இழுப்பை விடாமல் உருட்டினால், தலைகீழான நிலையில் அதே இழுப்பு மூக்கைத் தரையை நோக்கித் திருப்பி, ரோல் ஒரு பாய்ச்சலாக முடிகிறது. ரோலையும் லூப்பையும் கலந்தாற்போலச் சுருள் பாதையில் செல்லும் பேரல் ரோலில் பளுவை ஏறக்குறைய ஒரு ஜி அளவிலேயே வைத்திருக்க முடியும் என்பதை, அமெரிக்க விமானி பாப் ஹூவர் விமானம் உருண்டுகொண்டிருக்கும்போதே கோப்பையில் தேநீர் ஊற்றிக் காட்டிப் புகழ்பெற்றார். பின்னரே லூப், அதன் பின் ஸ்டால் டர்ன்.

இவை அனைத்திலும் கண் எங்கே இருக்க வேண்டும் என்பது கையின் அசைவைவிட முதன்மையானது. லூப்பில் ஏறும்போது முன்னால் வானம் தவிர எதுவும் தெரியாது. விமானி இடப்பக்க இறக்கை நுனியைப் பார்த்து, அது அடிவானத்தோடு அமைக்கும் கோணத்தைக் கொண்டு தான் எங்கே இருக்கிறார் என்று அறிகிறார், உச்சியை நெருங்கும்போது தலையைப் பின்னே சாய்த்துத் தலைக்கு மேலாக எழும் அடிவானத்தைத் தேடுகிறார். போட்டி விமானங்களின் இறக்கை நுனியில் கம்பிகளாலான முக்கோணச் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதும் இக்கோணத்தைக் காண்பதற்கே. முன்பக்கக் காட்சியை மட்டும் காட்டும் ஒற்றைத் திரையில் இது இயலாது என்பதால், தலையசைவைப் பின்பற்றிக் காட்சியை மாற்றும் கருவியோ கண்ணில் அணியும் மெய்ந்நிகர்க் கவசமோ இல்லாதவர்கள், ஜாய்ஸ்டிக்கின் பொத்தானில் பக்கப் பார்வையை அமைத்துக்கொள்வது இன்றியமையாதது. சுக்கான் மிதிகளுக்கும் இதே அளவு முதன்மை உண்டு. அவற்றை வாங்காமல், கைப்பிடியைத் திருகிச் சுக்கானை இயக்கக் கற்றவரின் கால்கள் உண்மையான விமானத்தில் செயலற்றுக் கிடக்கும், அங்கேயோ ஸ்டால் டர்னும் ஸ்பின் மீட்பும் கால்களின் வேலை.

உடலைப் பொறுத்தவரை வீட்டுச் சிமுலேட்டர் மௌனமானது. 4 ஜி பளுவில் கை கனத்து, கன்னம் தொங்கி, குருதி கால்களை நோக்கி இறங்கி, பழக்கமில்லாதவருக்குப் பார்வையின் ஓரங்கள் மங்கத் தொடங்கும். அதே இழுப்பைத் திரையின் முன் செய்பவருக்கு ஓர் எண் மாறுவதைத் தவிர எதுவும் தெரிவதில்லை. விமானத்தின் கைப்பிடி பளு கூடக் கூட எதிர்த்து இறுகுகிறது, மலிவான ஜாய்ஸ்டிக்கின் சுருள்வில்லோ எல்லா வேகத்திலும் ஒரே விசையோடுதான் எதிர்க்கிறது. எனவே சிமுலேட்டரில் மட்டும் பழகியவர் மிகைப்பட இழுப்பவராகவே உருவாகிறார். பெருநிறுவனங்களின் ஆறு கால் சிமுலேட்டர்களும் இக்குறையை முழுதாக நீக்குவதில்லை. ஆறு நீள்கைகளின் மேல் நிற்கும் அந்த அறை, மூன்று திசைகளில் நகரவும் மூன்று அச்சுகளில் சாயவும் வல்லது. ஆனால் அதன் நகர்வு ஓரிரு மீட்டருக்குள்ளும் சாய்வு சில பத்துப் பாகைகளுக்குள்ளும் அடங்கிவிடுவதால், அசைவின் தொடக்கத்தை மட்டும் உடலுக்கு உணர்த்திவிட்டு, உணர முடியாத மெதுவான வேகத்தில் நடுநிலைக்குத் திரும்புகிறது. தலைகீழாக நிற்பதையோ நீடித்த 3 ஜி பளுவையோ அது தர முடியாது. நீடித்த பளுவுக்குச் சுழலும் கை வேண்டும். போர் விமானிகளை அவ்வாறு சுழற்றிப் பளுவைத் தாங்கப் பழக்கும் கருவி, 1957 முதல் பெங்களூருவில் இயங்கும் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்தில் உள்ளது.

உட்செவியும் ஓர் ஏமாற்றுக்காரனாக இருக்கிறது. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களின் திரவம் சுழற்சியின் மாற்றத்தை மட்டும் உணர்வதால், ஒரே சீராக ஏறத்தாழ 20 நொடி சுழன்றவருக்குத் தாம் சுழலவே இல்லை என்று தோன்றும். சுழற்சியை நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். ஸ்பின்னிலிருந்து மீண்ட விமானி அந்தப் பொய்யை நம்பினால் மறுபடியும் அதே ஸ்பின்னுக்குள் விழுவார். திரையின் முன் அமர்ந்தவருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: கண் சுழற்சியைச் சொல்கிறது, செவி மறுக்கிறது, அந்த முரண் குமட்டலாக வெளிப்படுகிறது. குமட்டல் தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு தொடர்வதால் வல்லமை வளராது, கருவியின் மேல் வெறுப்பே வளரும்.

இனி ஸ்பின். ஒரு காலத்தில் அது சாவின் மறுபெயர். 1912 ஆகஸ்ட் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் வில்பிரட் பார்க் என்ற கடற்படை விமானி, சுழன்று வீழ்ந்துகொண்டிருந்த தம் ஆவ்ரோ விமானத்தின் சுக்கானைக் கடைசி முயற்சியாக எதிர்ப்பக்கம் மிதித்து, தரைக்குச் சுமார் 50 அடி உயரத்தில் மீண்டார். முதல் உலகப் போரின்போது பார்ன்பரோவில் பிரடெரிக் லிண்டமன் என்ற இயற்பியலறிஞர், தாமே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் சென்று அளவீடுகளை எடுத்து, மீட்பின் காரணத்தை விளக்கினார். இன்று கற்பிக்கப்படும் வரிசை அதன் வழிவந்தது: எஞ்சின் ஆற்றலைக் குறைத்தல், ஏலரான்களை நடுநிலைக்குக் கொணர்தல், சுழற்சிக்கு எதிரான சுக்கானை முழுவதும் மிதித்தல், கைப்பிடியை முன்னே தள்ளுதல், சுழற்சி நின்றவுடன் சுக்கானை நேராக்கிப் பாய்ச்சலிலிருந்து மெல்ல மீளல். ஸ்பின்னையும் அதைப் போலத் தோன்றும் சுருள் பாய்ச்சலையும் பிரித்தறிவது இதற்கு முன் வர வேண்டிய அறிவு. ஸ்பின்னில் வேகமானி குறைந்த வேகத்தில் நிலைத்திருக்கும், சுருள் பாய்ச்சலில் இறக்கைகள் ஸ்டால் ஆகாததால் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

வரிசை எளிது, அதற்கு விமானம் கீழ்ப்படியுமா என்பதுதான் கடினமான கேள்வி. ஸ்பின்னில் இரு இறக்கைகளும் வெவ்வேறு அளவில் ஸ்டால் ஆகியிருக்கும். காற்று கீழிருந்து மேலாக வாலைத் தாக்கும். கிடைவாலின் பின்னே எழும் குழம்பிய காற்று சுக்கானை மறைத்துக்கொண்டால், விமானி எவ்வளவு மிதித்தாலும் சுக்கானுக்கு வேலை செய்ய நல்ல காற்றே கிடைக்காது. சிதாராவுக்கு நேர்ந்த நீண்ட சோதனை இத்தகையது. பழைய கிரண் பயிற்சி விமானங்களுக்கு மாற்றாக வடிவமைக்கப்பட்டு 2003 மார்ச் 7-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த அந்த விமானம், மற்ற வகைகளில் நன்கு பறந்தபோதிலும், ஸ்டால் நிலையில் ஒரு பக்கம் சாய்ந்து விழும் போக்கைக் கொண்டிருந்தது. ஸ்பின்னிலிருந்து நம்பிக்கையோடு மீளும் என்று மெய்ப்பிக்கப்படாமல் மாணவர் கையில் அதைக் கொடுக்க விமானப்படையால் இயலவில்லை. வடிவமைப்பாளர்களிடம் கணினிகளும் காற்றுச் சுரங்கச் சோதனைகளும் இருந்தன. இருந்தும், செங்குத்து வாலைப் பின்னோக்கி நகர்த்தி, சுக்கானை நீட்டி, மறுபடியும் பறந்து, 2022 ஜனவரியில் இடம் வலம் என இரு பக்கமும் ஆறு சுற்றுகள் சுழன்று மீண்டு காட்டுவதற்கு முதல் பறப்பிலிருந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின. தேர்ந்த பொறியாளர்களின் கணக்கையே வானம் இத்தனை முறை திருத்தியிருக்க, வீட்டு மென்பொருளில் ஒரு விமானம் இரண்டு சுற்றில் மீண்டுவிட்டது என்பதைக் கொண்டு உண்மையான விமானமும் அப்படியே மீளும் என்று முடிவு செய்வது ஆபத்தான தவறு.

பயணிகள் விமானத் துறையும் இதைக் காலந்தாழ்த்தியே ஏற்றது. 2009 ஜூன் 1-ஆம் நாள் ஏர் பிரான்ஸ் 447 விமானம் சுமார் 38,000 அடி உயரத்தில் ஸ்டால் ஆகி, மூன்றரை நிமிடங்களில் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். வீழ்ச்சியின் பெரும்பகுதியில் கைப்பிடி பின்னோக்கியே இழுக்கப்பட்டிருந்தது. அக்காலத்துச் சிமுலேட்டர்களில் விமானிகள் ஸ்டாலின் விளிம்பு வரையே பழக்கப்பட்டிருந்தனர், அதற்கு அப்பாலுள்ள நடத்தைக்கு அவற்றில் நம்பத்தக்க தரவு இல்லை. பின்னர் அமெரிக்க விதிகள் 2019 மார்ச்சுக்குள் முழு ஸ்டால் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, முதலில் திருத்த வேண்டியிருந்தது சிமுலேட்டர்களின் உள்ளே இருந்த கணக்குகளைத்தான். இந்திய விமானப்படைக்கு 70 எச்.டி.டி-40 அடிப்படைப் பயிற்சி விமானங்களை வழங்க 2023 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சிமுலேட்டர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. 2016 மே 31-ஆம் நாள் பெங்களூருவில் முதலில் பறந்த அவ்விமானம் ஸ்பின் சோதனைகளைக் கடந்த பின்னரே ஒப்பந்த நிலையை எட்டியது என்ற முறைவரிசை சரியான முறைவரிசை.

ஓசூரில் வீட்டில் கற்ற ஒருவர் அடுத்து எங்கே செல்வது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. அந்த ஊரின் பெயரோடு இணைந்த ஹன்சா மிக இலகுரக விமான வகையில் சான்று பெற்றது. அவ்வகையின் விதிகள் வான்சாகசத்தை அனுமதிப்பதில்லை, ஸ்டாலும் 60 பாகைக்கு மேற்படாத திருப்பங்களுமே அதன் எல்லை. பயிற்சிப் பள்ளிகளின் வழக்கமான செஸ்னா விமானங்களிலும் லூப் போட இடமில்லை. ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே சிமுலேட்டர் மாணவர் திருத்திக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. வீட்டில் மணிக்கணக்கில் பறந்தவர்கள் விமானத்தில் ஏறியதும் கருவிகளையே உற்று நோக்குவர்; ஆகவே சில ஆசிரியர்கள் கருவிப் பலகையைக் காகிதத்தால் மூடிவிடுவதுண்டு. இதை வீட்டிலேயே முன்கூட்டிச் செய்து, பலகையை மறைத்த காட்சியில், எஞ்சினின் ஒலியையும் அடிவானத்தையும் கொண்டு மட்டும் சாய்ந்த திருப்பங்களைப் பழகியவருக்கு முதல் வகுப்பு பெரிதும் எளிதாகும். சிமுலேட்டரில் எவ்வளவு நேரம், எந்த விமானத்தில், சுக்கான் மிதிகளோடா அவை இல்லாமலா பழகினோம் என்பதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தப் பழக்கத்தைத் தொடரவிடலாம், எதை முதலில் மாற்ற வேண்டும் என்று அவர் அதைக் கொண்டு முடிவு செய்வார், பெரும்பாலும் அவர் கால்களிலிருந்தே தொடங்குவார்.